சிவந்துபோன மஞ்சள் தாள்

ஐந்து வருடங்களாக மீன் கெட்டுப்போவதைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். அந்த ஐந்து வருடத்தில் ஒரு மீனைக்கூட ஆய்வகத்துக்குள் கொண்டுவந்ததில்லை. மீன் கெடும்போது கிளம்பும் அம்மோனியா வகை வாயு பாட்டிலிலேயே கிடைக்கும்போது மீன் எதற்கு? மஞ்சளிலிருந்து பிரித்த சாயத்தையும் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களையும் ஒரு தாளில் ஏற்றியிருந்தேன். வாயு பட்டால் மஞ்சள் தாள் சிவக்கும். புற ஊதா விளக்கில் அதன் ஒளிர்வு மங்கும். பாட்டிலைத் திறந்தபோதெல்லாம் அது சொன்னபடி கேட்டது. மஞ்சள் கறை பட்ட சட்டைக்குச் சோப்புப் போட்டால் சிவக்குமே, ஏறக்குறைய அதேதான். அதற்கா இத்தனை வருடம் என்று அப்பா ஒருமுறை கேட்டுவிட்டார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

கட்டுரையை அனுப்பிய இதழிலிருந்து பதில் வந்தது. கடையில் விற்கும் மீனில் சோதித்துக் காட்டுங்கள் என்றார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைத்தான் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். என் பேராசிரியர் ஒரு மாதம் கெடு வைத்தார். நல்ல மீனில் தாள் மஞ்சளாகவே இருப்பதைக் காட்டினால் போதாது, கடையில் வாங்கிய கெட்ட மீன் ஒன்றிலாவது சிவக்க வேண்டும் என்றார்.

மூன்று வாரம் மதுரையின் மீன் கடைகளையெல்லாம் சுற்றினேன். எங்கே போனாலும் தாள் மஞ்சளாகவே இருந்தது. எல்லாரும் நல்ல மீனையே விற்றுத் தொலைக்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது. அதற்காக எரிச்சல்பட்ட ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

கடைசியில் எங்கள் விளாங்குடியிலேயே மீன் விற்கும் அக்காவிடம் போனேன். திருப்பத்தில் மின்கம்பத்துக்குக் கீழே அன்னக்கூடையில் ஐஸைக் கொட்டி உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வரும்போது அம்மா அவரிடம்தான் மீன் வாங்குவார். அது தவக்காலம். எங்கள் தெருக்களில் பாதி வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள், மீன்தான். வருடத்தில் அவருக்கு நல்ல வியாபாரம் நடப்பது அந்த நாற்பது நாளில்தான்.

வாத்தியார் மகள் கேட்கிறாளே என்று அவர் மறுபேச்சுப் பேசவில்லை. காலி ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு சங்கரா மீனை வைத்து, மூடியின் உட்புறம் தாளை ஒட்டி, மூடி, இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். என் ஒரு கையில் நோட்டு, இன்னொரு கையில் போன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்த அக்கா, "இங்க குடு தாயி, நான் ஒட்டுறேன்" என்று வாங்கி, மூடியில் வைத்து விரலால் அழுத்தி ஒட்டி, டப்பாவை மூடிக் கொடுத்தார். எத்தனை நாள் ஆய்வகத்தில் கையுறை போடாத மாணவர்களை நான் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு என் கையுறை பையில் இருந்தது.

அதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. சுகாதாரத் துறையா என்று ஒருவர் கேட்டார். இல்லை, ஆராய்ச்சி என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. இருபது நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால், தாளில் சிவப்பு தெரிந்தது.

எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. மூன்று வாரமாகத் தேடியது கிடைத்துவிட்டது. பல் தெரியச் சிரித்துக்கொண்டே தாளைப் போட்டோ எடுத்தேன். சுற்றி நின்றவர்கள் அர்த்தம் கேட்டார்கள். நான் சொன்னேன்.

"காலையில வெள்ளன வந்த மீனு தாயி" என்றார் அக்கா.

"நான் சொல்லலைக்கா, பேப்பர் சொல்லுது" என்றேன்.

கையில் எடுத்த மீனை ஒருவர் திரும்ப ஐஸில் வைத்தார். இரண்டு பேர் வண்டியைக் கிளப்பினார்கள். நான் அந்தச் சங்கராவையே ஆதாரத்துக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஐஸில் போட்டு வைத்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் அதே மீனில் மூன்று தாள்களை வைத்துப் பார்த்தேன். மூன்றும் மஞ்சள். நேற்றுக் கெட்ட மீன் இன்றைக்கு எப்படி நல்ல மீன் ஆகும்? தாளில் கோளாறு என்று நினைத்துச் சாயத்தைப் புதிதாகக் காய்ச்சினேன். துகள்களைப் புதிதாகத் தயாரித்தேன். நான்கு நாள் போயிற்று. இதற்கிடையில் பேராசிரியர் சிவந்த முடிவை வரைபடத்தில் ஏற்றிவிட்டார். அந்த அக்காவின் கூடையில் சாயங்காலமும் பாதி மீன் கிடக்கிறது என்று அம்மா சொன்னார். மீனைச் சோதித்தவர்களே கெட்டது என்று சொன்னார்களாம் என்று தெருவில் பேச்சு. அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு மருமகள் பிரசவம் முடிந்து, குழந்தையோடு புருஷன் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆரத்தி எடுத்துத் தண்ணீரைத் தெருவில் ஊற்றியிருந்தார்கள். "செவப்புத் தண்ணிய மிதிக்காம வா" என்றார் அம்மா. நான் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றேன். மஞ்சளும் சுண்ணாம்பும்.

போட்டோவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். வாயு பட்டிருந்தால் தாள் முழுக்கச் சீராகச் சிவந்திருக்கும். இதில் ஒரு மூலைதான் சிவந்திருந்தது, விரல் நுனி அளவுக்கு. அக்கா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரல். மிச்சச் சுண்ணாம்பை அவர் அந்த மின்கம்பத்தில்தான் துடைப்பார். கம்பம் முழுக்க வெள்ளைக் கோடுகள். பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஊரில் அடுப்படி தெரிந்த எவளுக்கும் தெரிந்த ஒன்று, முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற எனக்கு ஐந்து நாள் கழித்துத் தெருவில் தெரிந்தது. என்மேல் வந்த ஆத்திரத்தில் அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

பேராசிரியரிடம் போனில் சொன்னேன். எடுத்துவிடலாம், ஒரு புள்ளிதானே, மனதில் போட்டுக்கொள்ளாதே என்றார். அவருடைய வரைபடத்தில் அது புள்ளி. விளாங்குடியில் அது ஒரு மனுஷி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் தாள்களோடு போனேன். அக்காவின் சுண்ணாம்பு டப்பாவிலிருந்து துளி எடுத்து ஒரு தாளில் வைத்தேன். உடனே சிவந்தது. தப்பு என்னுடையது, மீனுடையது இல்லை என்றேன். அவர் சுண்ணாம்பு டப்பாவை வாங்கி மூடி வைத்தார்.

"இத எங்கிட்ட எதுக்குக் காட்டுற? அன்னைக்கு நின்னவுககிட்ட காட்டு."

நியாயம்தான். கையுறை மாட்டி, டப்பாவில் மீனை வைத்து, நானே தாளை ஒட்டி, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டேன். இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் பளிச்சென்ற மஞ்சள். தூக்கிக் காட்டினேன். கோயிலிலிருந்து வந்த ஒரு அம்மா தாளைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார், இங்கே தினமும் சோதித்துத்தான் விற்கிறார்களா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டார். அடுத்து வந்தவர்கள் டப்பாவைக் கண்டதும் எதிர்ப்பக்கம் தாண்டிக்கொண்டார்கள். சோதிக்க வேண்டிய மீனை யார் வாங்குவார்கள்?

அரைக் கிலோ சங்கரா கேட்டேன். அக்கா செதிலைச் சுரண்டி, கழுவி, பையில் போட்டுக் கொடுத்தார். முகத்தில் கோபம் இல்லை.

"நீ மீன் வாங்க வா தாயி, வேணாங்கல. அந்தப் பேப்பர மட்டும் கொண்டுக்கிட்டு வராத."

கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். டப்பாவையும் உள்ளே வைத்துச் சாலையைத் தாண்டி, நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்பவள் மாதிரி நின்று பார்த்தேன். அதன் பிறகுதான் அன்றைய முதல் ஆள் அக்காவின் கூடைப் பக்கம் குனிந்தார்.