பதின்மூன்று பேரும் எழும்பிட்டினமோ?

ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மைதானம். ஒன்ராறியோ பெண்களும் பிரிட்டிஷ் கொலம்பியா பெண்களும் ரக்பி லீக் ஆடுகிறார்கள். என்னை இங்கே இறக்கிவிட்ட மகன், காரை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டான். குடையும் காருக்குள்தான், வானத்தில் இரண்டு கறுப்பு முகில்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு இந்த விளையாட்டு விளங்கவில்லை. அணிக்குப் பதின்மூன்று பேர் என்பதை மட்டும் எண்ணி அறிந்துகொள்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பெண், அருகிலுள்ள அஜின்கோர்ட் பகுதிக்காரி. ஒன்ராறியோ அணியின் ஏழாம் இலக்கம் அவளுடைய மகள். பந்தோடு ஓடும் மகளை எதிரணியினர் மடக்கி விழுத்தும்போதெல்லாம் தாய் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

“எழும்பிட்டாளோ, அங்கிள்?”

“பதின்மூண்டு பேரும் நிக்கினம், பிள்ளை.”

“போன வருசம் உவையளிட்டைத் தோத்துப்போய் மூண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை அவள்.”

கடைசி நிமிடம். ஒன்ராறியோ இரண்டு புள்ளிகள் பின்னால் நிற்கிறது. ஏழாம் இலக்கம் பந்தை அணைத்தபடி எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்கிறாள். மூன்று பேர் அவள்மேல் விழுகிறார்கள். தாய் கண்ணை மூடுகிறாள். நான் எண்ணுகிறேன், மறுபடியும் எண்ணுகிறேன்.

“பன்னிரண்டு பேர்தான், பிள்ளை.”

அவள் பதறிக் கண்ணைத் திறக்கிறாள். மகள் கோட்டுக்கு அப்பால், பந்தின்மேல் குப்புறக் கிடந்து சிரிக்கிறாள். நடுவர் விசில் ஊதுகிறார். பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றியதற்கு நான்கு புள்ளிகளாம், ஒன்ராறியோவுக்கு வெற்றி.

“எழும்பச் சொல்லிக் கூப்பிடு, பிள்ளை,” என்கிறேன்.

“கொஞ்ச நேரம் கிடக்கட்டும், அங்கிள்.”