ஆடு கொடுத்த உத்தரவு

மிரட்டி வாங்கிய கையொப்பம் செல்லாது என்று பெரிய முதலாளிகளின் பத்திரங்களையே திருப்பி அனுப்பியவன் நான். முப்பத்திரண்டு வருட அரசாங்க உத்தியோகம். ஆனால் கண்ணெதிரே நடந்த முதல் மோசடியை என்னால் எங்கும் முறையிட முடியவில்லை. செய்தவர் என் தாய்மாமன்.

அப்பா பினாங்குத் துறைமுகத்தில் மேஸ்திரி. எனக்கு எட்டு வயதாகும்போது அவருக்கு மூச்சிழுப்பு கண்டது. அது நின்றால் ஒரு கிடா தருவதாக அம்மா முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். நின்றது. கிடாவை ஐந்து மாதம் வளர்க்கும் பொறுப்பு எனக்கு. வெட்டப்போவதை ஒரு பிள்ளையிடம் கொடுத்து வளர்க்கச் சொன்னவர்களை என்ன செய்வது? மத்தியானங்களில் அதன் விலாவில் தலைவைத்துப் படுப்பேன். அது மூச்சு விடும்போதெல்லாம் என் தலை மெல்ல ஏறி இறங்கும்.

கோயிலில் ஒரு விதி இருந்தது, நியாயமான விதி. கிடாவின் மேல் மூன்று முறை மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பைச் சிலிர்த்தால் சம்மதம். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். "சிலுக்காத, சிலுக்காத" என்று அதன் காதில் ஒரு வாரமாக ஓதியிருந்தேன்.

மூன்று முறை தெளித்தும் அது அசையவில்லை.

"உத்தரவு குடுக்கல தாயி. அவுத்து விட்டுருங்க" என்றார் பூசாரி.

அம்மா அழத் தொடங்கினாள். "அப்ப இவருக்கு மறுபடியும் இழுப்பு வந்துருமா சாமி?"

"அழாதக்கா. இன்னொரு தடவ பாப்போம்லா" என்றார் மாமா.

"மூணு தடவதான் தம்பி முறை."

"முறை பாக்க முனியாண்டி என்ன ஆபீசா நடத்துறாரு? ஊத்துங்க!"

மாமா குனிந்து, தடவிக்கொடுப்பதுபோல ஆட்டின் மூக்கைப் பொத்தினார். அவர் விரல் நுனியில் சூலியா தெருவில் வாங்கிய மூக்குப்பொடி. ஆடு முகத்தைத் திருப்பியது, மூச்சை அடக்கியது. எவ்வளவு நேரம் அடக்கும்? இழுத்தது. நான்காவது தண்ணீர் விழுந்த அதே நேரம் பெரிதாகத் தும்மி, காதிலிருந்து வால்வரை உதறியது.

"குடுத்துருச்சு!" என்று கத்தியவர் மாமாதான். பெண்கள் குலவையிட்டார்கள். முறை பேசிய பூசாரியே அரிவாளை எடுத்தார்.

இந்தச் சாமர்த்தியத்தைப் பிற்காலத்தில் மாமா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் அன்று எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆட்டுக்கு ஆறுதல் சொல்கிறார் என்றே நினைத்தேன். என் கோபமெல்லாம் ஆட்டின்மேல். அத்தனை சொல்லியும் சம்மதித்துவிட்டதே! அது செய்ததெல்லாம் மூச்சு இழுத்தது மட்டுமே என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோபத்தில் மூன்று தடவை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.