மாலே போன பொன்னம்மை

பொன்னம்மைக்கு ஐம்பத்திரண்டு வயது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் பக்கம், குமாரபுரத்தில் ஒரு லாட்ஜில் இருபது வருஷமாகச் சமைக்கிறாள். ராதாபுரம் பக்கத்திலிருந்து கொத்தனார் வன்னியராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. காலை ஆறரை பஸ்ஸில் ஏறினால் ஏழு மணிக்கு லாட்ஜ் அடுப்பு எரியும்.

லாட்ஜில் தங்குகிறவர்களில் பாதிப்பேர் மாலத்தீவுக்காரர்கள். அங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்தான். வைத்தியத்துக்கென்று குடும்பத்தோடு வந்து மாசக்கணக்கில் இருந்துவிடுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன்பு அப்படி வந்தவள்தான் நஷீதா. கூடவே முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து படுத்தே கிடந்த மகள் ரீஷா. அப்போது ரீஷாவுக்குப் பதினெட்டு வயது.

முதல் நாளே நஷீதா, "ஃபென், ஃபென்" என்றாள். பொன்னம்மை ஓடிப்போய் பேனைப் போட்டாள். அவள் மறுபடியும் "ஃபென்" என்றதும் வேகத்தைக் கூட்டினாள். மேசைமேல் இருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் அறை முழுக்கப் பறந்தன. கடைசியில் நஷீதா வாயில் கையைக் கவிழ்த்துக் குடிப்பதுபோல் காட்டினாள்.

"அட, தண்ணியா! தண்ணியப் போயி எதுக்கு பேன்னு சொல்லுதீங்க?"

பாஷை புரியாமலே இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படுக்கையில் கிடந்த பெண்ணும் முதுகு வலியோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒட்டிக்கொண்டதுதான். சூரை மீனையும் தேங்காயையும் வெங்காயம், மிளகாய், எலுமிச்சையோடு கையாலேயே பிசைந்து மஸ்ஹுனி செய்யப் பொன்னம்மை கற்றுக்கொண்டாள். நாலாம் மாசம் ரீஷா லாட்ஜ் வராந்தாவில் எடுத்துவைத்த முதல் பத்து அடியும் பொன்னம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான்.

இந்த ஜனவரியில் வீடியோ கால் வந்தது. ரீஷாவுக்குக் கல்யாணம். நஷீதா தனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் கத்தினாள்: "சேச்சி வரணும்! டிக்கெட் ஞான் அயச்சு!" டிக்கெட்டை அனுப்பியே விட்டாள்.

பொன்னம்மை வன்னியராஜிடம் வந்து நின்றாள். "இஞ்சேருங்க, நான் எப்படிப் போவேன்? ஏரோப்ளேன அண்ணாந்து பாத்ததோட சரி."

"அதான், இப்ப குனிஞ்சு பாரு. போய்ட்டு வா ட்டி. நான் என்ன பால் குடிக்குத பிள்ளையா?"

லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் சுஜா ஃபாரம் நிரப்பி, போட்டோவுக்குக் கூட்டிப்போய், பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தாள். போட்டோவில் பொன்னம்மை திருடனைக் கண்டவள்மாதிரி முழித்திருந்தாள். "சேச்சி, இது நல்லா உண்டு கேட்டோ. எல்லாருக்கும் இப்படித்தான் வரும்" என்று சுஜா சமாதானம் சொன்னாள்.

விமானம் மேலே ஏறும்போது கண்ணை மூடியவள், பக்கத்து சீட்டுப் பெண் தட்டிச் சொன்ன பிறகுதான் திறந்தாள். கீழே கடலில் யாரோ சொட்டு நீலத்தைக் குப்பி குப்பியாகக் கவிழ்த்திருந்தார்கள். அதன்மேல் வட்டம் வட்டமாகத் தீவுகள். நடுவில் பச்சையாய்த் திட்டு, ஓரமெல்லாம் வெளிறி மெல்லிசாய்.

"ஆப்பம்!" என்று கூவிவிட்டாள் பொன்னம்மை. "அய்யோ, பூரா ஆப்பமா சுட்டுப் போட்டிருக்கு!" முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு வெட்கமே வரவில்லை.

மாலே விமான நிலையத்துக்கு நஷீதா மட்டும் வருவாள் என்றுதான் நினைத்திருந்தாள். பதினோரு பேர் நின்றார்கள். நஷீதாவைத் தவிர இன்னும் நாலு பேர் லாட்ஜில் தங்கிப்போன தெரிந்த முகங்கள். கிட்னிக்கு வந்தவர், கண்ணுக்கு வந்த அம்மாள், பிரசவத்துக்கு வந்த பெண்ணும் அவள் புருஷனும். அந்தப் பிரசவத்தில் பிறந்த குழந்தை இப்போது இடுப்புயரம் நின்று அவளையே பார்த்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குமாரபுரம் முக்கில் தோசை சுடும் அந்தத் தட்டுக்கடை இருக்கிறதா? பஸ் ஸ்டாப் ஜூஸ்காரர் சௌக்கியமா? லாட்ஜ் லிப்ட் சரியாயிற்றா?

"எங்க! இன்னும் ரெண்டாவது மாடியில நின்னு யோசிக்கும்" என்றாள் பொன்னம்மை. கைதட்டிச் சிரித்தார்கள். ஊருக்கு வந்தது நானா, இவர்களா என்று அவளுக்கே குழம்பியது.

மறுநாள் காலையில் மீன் சந்தை பார்க்கும் ஆசையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். தலைநகரம் என்றாலும் மாலே கைக்குட்டை அளவு ஊர், வழி தப்பாது என்று தைரியம். இரண்டே திருப்பத்தில் வழி தப்பிவிட்டது. மஞ்சள் வீடு, ரோஸ் வீடு, ஆகாசம் முட்டும் கட்டடம், இடைவெளியெல்லாம் ஸ்கூட்டர். நேரே நடந்தால் கடல் வந்தது. திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தாள், அங்கேயும் கடல். மூன்றாவதாக ஒரு சந்தில் நுழைந்தாள். அதன் முடிவிலும் கடல் நின்று மின்னியது.

"எந்தப் பக்கம் போனாலும் நீயா?" என்று கடலிடமே கேட்டாள். பயம் வரவேண்டிய இடத்தில் சிரிப்புதான் வந்தது.

ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று போனால், வீட்டின் பெயரே தெரியாது. "நஷீதா, கல்யாணம், ரீஷா" என்றாள். கடையிலிருந்த நாலு பேரும் நாலு நஷீதாவைச் சொல்லி விவாதம் பண்ணத் தொடங்கினார்கள். அவளை உட்காரவைத்து டீயும் மீன் வைத்த வடையும் கொடுத்துவிட்டு விவாதத்தைத் தொடர்ந்தார்கள். அப்போது ஒரு ஸ்கூட்டர் கிறீச்சிட்டு நின்றது.

"பொன்னு சேச்சி? குமாரபுரம் சேச்சி அல்லே?"

படகு ஓட்டுகிற ஹசன். மூன்று வருஷத்துக்கு முன்பு காலில் கம்பி வைத்துக்கொண்டு லாட்ஜில் தங்கியவன். தினமும் மூன்றாவது தட்டுச் சோறு கேட்டவன்.

"நீயா மக்கா! கால் எப்படி இருக்கு?"

ஹசன் ஸ்கூட்டரிலிருந்து குதித்து, ரோட்டிலேயே இரண்டு தடவை துள்ளிக் காட்டினான். பிறகு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். ஐம்பத்திரண்டு வயதில் பொன்னம்மைக்கு அதுதான் முதல் ஸ்கூட்டர் சவாரி. வன்னியராஜிடம் இருந்தது சைக்கிள். அவள் கேட்டபடி முதலில் மீன் சந்தையில் நிறுத்தினான். ஒருவர் பெரிய சூரையைக் கண் மூடித் திறப்பதற்குள் முள் வேறு சதை வேறாகப் பிரித்துப் போட்டார். பொன்னம்மை பொறுக்கமாட்டாமல், "இன்னொருக்க செய்யுங்க" என்றாள். அவர் இன்னொரு மீனை எடுத்தார். அதற்கப்புறம் ஹசன் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றினான். புடவைத் தலைப்பு பின்னால் கொடிமாதிரி பறந்தது. "மெள்ளப் போ!" என்று கத்தினாள். அவன் மெதுவாக்கியதும், "ஏன் மெள்ளப் போற?" என்று அதட்டினாள்.

வீட்டு வாசலில் நஷீதா தலையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். திட்ட வாயெடுத்தவள், சேச்சி இறங்கிய கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

கல்யாண விருந்து மறுநாள் சாயங்காலம். மேடையில் தங்க நிறக் கவுனில் நின்றிருந்த ரீஷா, பொன்னம்மையைக் கண்டதும் படியிறங்கி வந்தாள். எவரையும் பிடிக்காமல், ஹீல்ஸ் செருப்பில், டக் டக்கென்று. அழுதுவிடுவோம் என்று பொன்னம்மை நினைத்த அதே நொடியில் பின்னால் 'போதுபெரு' என்கிற அந்த ஊர் மேளங்கள் தொடங்கின.

ஆரம்பத்தில் மெதுவாகத்தான் அடித்தார்கள். ரீஷா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எனக்கு ஆடத் தெரியாது பிள்ளே, விடு." மேளம் சூடு பிடித்தது. கால் தானாகத் தட்டியது. அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள். கிட்னிக்காரர் ஆடினார், கண்ணுக்கு வந்த அம்மாள் ஆடினாள், ஹசன் கம்பி வைத்த காலில் குதித்தான். குமாரபுரம் லாட்ஜின் அத்தனை அறையும் காலியாகி இங்கே வந்து ஆடுவதுபோல இருந்தது. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு பொன்னம்மை நடுவில் சுழன்றாள். சுற்றிலும் "சேச்சி! சேச்சி!" என்று கூட்டம் கத்தியது.

மூச்சு வாங்க ஓரமாய் வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. வன்னியராஜ்.

"ஏட்டி, நாளைக்கு எத்தன மணிக்கு ப்ளேன்? நான் வந்து நிக்கணும்லா?"

"நாளைக்கா? இவங்க டிக்கெட்ட ஞாயித்துக்கெழமைக்கு மாத்திட்டாங்க. ஹசன் படகுல தீவு பாக்கக் கூட்டிட்டுப் போறானாம்."

"அப்ப எனக்குச் சோறு?"

"அரிசி டப்பால இருக்கு, நீங்கதான் பால் குடிக்குத பிள்ளை இல்லியே. ஒண்ணுமே காதுல விழல, வைங்க, மறுபடி மேளம் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க!"