படத்தில் பூசிய மடு மண்

எண்பத்து நான்காம் ஆண்டு மாரியில் என் கணவர் அந்தோனி மாட்டு வண்டியிலிருந்து விழுந்தார். விலா எலும்பு முறிந்திருக்குமோ என்று நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எலும்பு உடையேல்லை அம்மா. ஆனா நுரையீரல் இப்பவே ஊதிப்போய்க் கிடக்கு. இவர் புகையை விடாட்டி, பத்து வருஷத்திலை ஒரு வாளி தண்ணி அள்ளவும் ஏலாது."

அப்போது இவருக்கு இருமல்கூட இல்லை. எங்களுக்குப் புகையிலைத் தோட்டம். வெட்டிய இலையைப் போறணை என்கிற புகைக்குடிலுக்குள் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டை எரித்துப் புகை போடுவோம். புகை பதமா என்று இவர் உள்ளே போய் மூச்சிழுத்துத்தான் பார்ப்பார். இவருடைய தகப்பனும் அப்படிப் பார்த்தவர்தான். அந்த மாமாவைக் கடைசியில் பராமரித்தவள் நான். படுக்க முடியாமல், கதிரையில் இருந்தபடி காற்றுக்குத் தவித்தே செத்தார்.

"எனக்கொரு வருத்தமுமில்லை. படத்துக்கென்னடி தெரியும்?" என்று இவர் சிரித்தார். என் பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்தப் போகமும் புகை போட்டார். அடுத்த போகமும் போட்டார்.

நான் உடைந்து போனேன். வந்த நோய்க்கு மருந்து கொடுக்கலாம். வரப்போகிற நோய்க்கு யாரிடம் போவேன்? இவர் சிரித்தால் எனக்கு அழுகை வந்தது. தெரியாமலே இருந்திருக்கலாமே என்று மாதாவோடும் சண்டை பிடித்தேன்.

நோவுள்ள இடத்தில் மடுமாதா கோவில் மண்ணைப் பூசுவது எங்கள் வழக்கம். இவர் பூச விடவில்லை.

"சுகமாயிருக்கிறவனுக்கு என்னத்துக்கு மண்?"

ஒருநாள் மத்தியானம் அந்தப் படத்தையே மாதா சுரூபத்தின் முன்னால் வைத்து, நுரையீரல் தெரிந்த இடமெல்லாம் மண்ணைக் குழைத்துப் பூசினேன். "தாயே, இதை அழித்துவிடு" என்று தேய்த்தேன். படம் கீறுப்பட்டது. தேய்த்துத் தேய்த்து அழுதேன்.

சாப்பிட வந்த இவர் பின்னால் நின்றதை நான் காணவில்லை. கண்டதும், சிரிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் முழங்காலில் இருந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"அங்கை ஏன் பூசுறாய்? இஞ்சை பூசு."

அதற்குப் பிறகு போறணையில் நெருப்பு வைக்கவில்லை. வெங்காயம் நட்டோம்.

படத்தில் கண்டது அழியவில்லை. கெட்டது கெட்டதுதான் என்று டாக்டர் பிறகும் சொன்னார். ஆனால் அவர் சொன்ன பத்து வருஷம் இப்போது முடிந்துவிட்டது. வரப்போவதை நினைத்துப் பயந்திருக்கிற சகோதரங்களே, எப்படிச் செபிப்பதென்று தெரியாவிட்டாலும் செபியுங்கள். நான் பிழையான இடத்தில்தான் பூசினேன். தாய்க்கு இடம் தெரிந்திருந்தது.

சண்டைத் தடையால் மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் தண்ணீர் இறைக்கிற மிசின் மூலையில் கிடக்கிறது. இவர்தான் கிணற்றுத் துலாவில் வாளி கட்டி இறைக்கிறார். இடையிடையே நின்று மூச்செடுக்கிறார். மறுபடி இறைக்கிறார். இன்று காலையும் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது.