குண்டு மிளகாயும் மூன்று திருடர்களும்

காலையில் மனைவி மிளகாய் வறுத்தாள். முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் ஒன்பது தும்மல் போட்டேன். பத்தாவது வருவதற்குள் பழைய ஞாபகம் ஒன்று வந்துவிட்டது. தும்மல் கிடக்கட்டும், இதைக் கேளுங்கள்.

அவளுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம், வானம் பார்த்த பூமி. கல்யாணமாகிப் பூதலூருக்கு வந்தபோது துணி முடிச்சில் குண்டு மிளகாய் விதை கொண்டுவந்தாள். "பொங்கலுக்கு என் கையால வளத்த மிளகாய அனுப்புறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். மகள் புது ஊரில் எப்படி இருக்கப்போகிறாளோ என்று அந்த அம்மாளுக்கு ஒரே கவலையாம். கொல்லையில் நாற்றை நட்டுவிட்டு என் அப்பா அம்மாவையும் என்னையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "மண்ணு காஞ்சா காயட்டும். நான் சொல்லாம யாரும் தண்ணி ஊத்தக் கூடாது."

ஆற்றுப்பாசனக்காரர்களிடம் சொல்கிற பேச்சா இது? வெடித்த மண்ணைப் பார்த்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. இருந்தாலும் தலையாட்டிவைத்தோம்.

செடிகள் மஞ்சளித்து, தண்டு அழுகிச் சாய்ந்தன. "ஊத்தவே இல்லையே, ஈரம் எங்கேர்ந்து வருது?" என்று குழம்பியவள், மிச்ச விதையையும் போட்டாள். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. தினமும் அவள் குளிக்கப்போகும் நேரம் பார்த்து ஒரு மக் தண்ணீர் ஊற்றியவன் நான்தான். ஒரு மக்கில் என்ன ஆகிவிடும்?

ஒருநாள் மக்கோடு போகிறேன், அங்கே அம்மா அரிசி கழுவிய தண்ணீரோடு நிற்கிறாள். கிணற்றடியிலிருந்து செம்பும் கையுமாக அப்பா வருகிறார். மூன்று பேருக்கும் திருட்டு முழி. ஈரத்தலையில் துண்டோடு பின்னால் நின்றிருந்தாள் அவள்.

"செடி வாடிப்போயி என்னையே பாத்துச்சும்மா. மனசு கேக்கல" என்றார் அப்பா.

"அதுக்காக? மூணு பேருமாச் சேந்து நடவு வயலாட்டம் சேறாக்கிட்டீங்களே மாமா! அம்மாகிட்ட நான் என்ன சொல்வேன்?" என்று அழுதேவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

பிழைத்தது ஒரே செடி, காய்த்தது ஐந்து காய். பொங்கலுக்கு அப்பாவே அதை டிபன் பாக்ஸில் வைத்து, பஸ் மாறி மாறிப் போய்ச் சம்பந்தியம்மாளிடம் கொடுத்தார். "மீதிய நாங்க கொன்னுட்டோம், மன்னிச்சுக்குங்க" என்றாராம். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "செடி வாடுனாலே பொறுக்காதவங்க, எம்மகள வாட விடுவீகளா?" என்றார்களாம்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எனக்கும் புத்தி வந்துவிட்டது. கொல்லை மண் காய்ந்து கிடக்கிறது, மிளகாய் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. போன வாரம் கூடை நிறையப் பறித்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"கெடுக்க ஆளில்லங்க. காய்ச்சுத் தொலைக்குது."