மஞ்சள் பையில் மூன்று பீஸ் கட்டைகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் எந்த ஊரில் சப்பரம் கிளம்பினாலும் ஐயாத்துரைக்குப் பயம் வந்துவிடும். மற்றவர்களுக்குத் திருவிழா என்றால் ராட்டினம், கரும்புச்சாறு, கறிச்சோறு. அவருக்குத் திருவிழா என்றால் கரண்டுக் கம்பி. மாசியில் சிவராத்திரி, பங்குனியில் பொங்கல், ஆடியில் முளைப்பாரி, புரட்டாசியில் மறுபடி ஒரு பொங்கல் என்று வட்டாரத்தில் சாமி தெருவுக்கு வருகிற நாளெல்லாம் அவருக்குப் போன் வந்துவிடும். நுனியில் கவை விட்ட பதினாறடி மூங்கில் கம்போடு போய்ச் சேருவார். பஸ்ஸில் கண்டக்டர் அந்தக் கம்பை ஏற்றவிட மாட்டார். ஷேர் ஆட்டோவின் கூரையில் கட்டி, வால் முளைத்த மாதிரி அது பின்னால் ஆடிக்கொண்டே வரும்.

சப்பரத்துக்கு முன்னால் நடந்து, தெருவுக்குக் குறுக்கே தொங்கும் கம்பியைக் கவையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். சாமி அடியில் தாண்டியதும் இறக்கிவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே சொந்த ஊரில் மூன்று ஏக்கர் கரிசலில் பருத்தியும் குதிரைவாலியும் போட்டுப் பிழைக்கிற மனிதருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். ஊர்கள் அவரைக் ‘கரண்டு ஐயாத்துரை’ என்று கூப்பிட்டன. பெரிய தைரியசாலி என்று பேர். அவர் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பது அவர் மனைவி குருவம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். சப்பரத்துக்கு முந்தின நாள் அவருக்குச் சோறு இறங்காது.

பயம் வந்த கதை பழையது. அவருக்குப் பத்தொன்பது வயதில், பெரியப்பா மகன் நல்லமுத்து ஒரு சப்பரத்தின் மேல் நின்று கம்பியைத் தூக்கினான். கரண்டை நிறுத்தியிருந்தார்கள். சப்பரம் தாண்டிவிட்டதென்று நினைத்து எவனோ ஒரு புண்ணியவான் டிரான்ஸ்பார்மரில் பீஸை மாட்டிவிட்டான். மேலே இருந்து விழுந்த நல்லமுத்துவைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஐயாத்துரைதான். அன்றைக்குப் பிறகு கம்பை அவரே கையில் எடுத்தார், தனக்கென்று ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார். ஒயர்மேன் டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி அவர் கையில் தந்துவிட வேண்டும். அவற்றை மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார். சாமி கோயிலுக்குத் திரும்பி இறங்குகிற வரைக்கும் பையும் இறங்காது. ஒதுங்கப் போனாலும் பையோடுதான் போவார்.

சுற்றுவட்டாரம் முழுக்க இது வழக்கமாகிப் போனது. ‘பை தோள்ல இருக்கா?’ என்று ஒருவன் கேட்பான். ‘இருக்கு’ என்று இன்னொருவன் சொல்வான். அதற்குப் பிறகு கம்பி அவர்களுக்கு வெறும் துணிக்கொடிதான். சப்பரத்தின் உச்சியில் நிற்கிறவன் கம்புக்குக்கூடக் காத்திராமல் வெறுங்கையால் கம்பியைப் பிடித்துத் தூக்க ஆரம்பித்தான். ஐயாத்துரை திட்டிப் பார்த்தார். “அதான் பை ஒங்ககிட்ட இருக்குல்ல” என்று அவர் வாயை அடைத்தார்கள். தான் பயந்து செய்த காரியம் ஊருக்கெல்லாம் பயத்தைப் போக்கிவிட்டதே என்று அவர் இன்னும் கூடுதலாகப் பயந்தார்.

போன ஆடியில் ஒன்று நடந்தது. ஒரு ஊரில் தூறல் விழுந்து கம்பு நனைந்திருந்தது. பீஸ் கட்டைகள் பையில் கனத்துக்கொண்டிருக்க, கம்பியில் கவையைக் கொடுத்ததும் மணிக்கட்டில் சுர்ரென்று ஓர் இழுப்பு. கம்பைப் போட்டுவிட்டு நின்றார். மறுபடி தொட்டபோது ஒன்றுமில்லை. சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். “வயசாகுதுல்ல, நரம்புத் தளர்ச்சியா இருக்கும்” என்றார் ஒருவர். இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து பை தோளில் இருந்தும் அவருக்கு நம்பிக்கை இல்லை. எதை நம்பவில்லை என்றும் சொல்லத் தெரியவில்லை. தெரியாத பேய்க்குப் பயப்படுவதுதான் இருப்பதிலேயே பெரிய பயம்.

இந்தப் பங்குனிப் பொங்கலுக்குச் சொந்த ஊர்ச் சப்பரம். மகள் மாரீஸ்வரி ஏழு மாதக் கர்ப்பம். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. அவள் கணவன் ஜெயக்குமார் காரியாபட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய் வருகிறவன், நல்ல பையன். பிள்ளை தங்கினால் சப்பரத்தின் உச்சியில் நின்று ஆத்தாளுக்குக் கம்பி தூக்குகிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தான். ஐயாத்துரைக்குத் தெரிந்தது அவன் காப்புக் கட்டிய பிறகுதான். காப்புக் கட்டியவனை இறங்கு என்று சொல்ல எந்த மாமனாருக்கு வாய் வரும்?

“மாப்ளே, கம்பிய நான் கம்பால தூக்கிருவேன். நீங்க கையக் கொண்டு போகாதீக.”

“நேர்ந்ததே அதுக்குத்தான மாமா. சும்மா மேல ஏறி நிக்கவா? பைதான் ஒங்க தோள்ல இருக்கே.”

அவனும் அதையேதான் சொன்னான். ஐயாத்துரை அன்று காலையிலேயே கிளம்பித் தெருத்தெருவாக நடந்து கம்பிகளைப் பார்த்தார். மொத்தம் பதினொரு இடம். அதில் மிகத் தாழ்வானது கோகிலாம்பாளின் பலசரக்குக் கடைத் திருப்பத்தில் இருந்தது. உறை இல்லாத பழைய கம்பி, வெயிலில் தொய்ந்து கிடந்தது. அதன் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது நல்லமுத்துவின் திறந்த வாய் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒயர்மேன் வந்து பீஸ் கட்டைகளைப் பிடுங்கித் தந்தார். மூன்று. பையில் போட்டு மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார். மூன்று. ஊர் இருண்டது. கரண்டு திரும்ப வரும்போது எகிறிக்கொண்டு வந்து பிரிட்ஜும் டிவியும் புகைந்துபோன அனுபவம் ஊருக்கு உண்டு. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அகல் விளக்கேற்றி, ஆத்தாள் வருகிறாள் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். உறுமியும் மேளமும் முழங்க, வடம் பிடித்து இழுக்க, சக்கரம் கட்டிய சப்பரம் ஆடி அசைந்து வந்தது. உச்சியில் ஜெயக்குமார், இடுப்பில் மஞ்சள் வேட்டி, தலையிலிருந்து கால் வரை மஞ்சத்தண்ணி சொட்டச் சொட்ட நின்றான். வீட்டுக்கு வீடு பெண்கள் சப்பரத்தின்மேல் மஞ்சத்தண்ணியை வீசினார்கள். ஈரம், ஈரம் என்று ஐயாத்துரையின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பத்து இடம் தாண்டியது. பத்திலும் அவர் கம்பால் தூக்கினார். ஜெயக்குமாரும் பக்தியோடு ஒரு கை கொடுத்தான். பத்திலும் ஒன்றுமில்லை.

கடைத் திருப்பம் வந்தது. கோகிலாம்பாள் வீட்டில் மட்டும் சீரியல் லைட் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. மகன் மணிகண்டன் புதிதாக ஜென்செட் வாங்கியிருக்கிறான் என்று காலையிலேயே பேச்சு இருந்தது. காசுள்ள வீடு, வெளிச்சம் இருக்கத்தான் செய்யும் என்று ஐயாத்துரையும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பைத் தூக்கினார். கவை கம்பிக்கு ஒரு சாண் கீழே இருக்கும்போது கண் எதேச்சையாகப் பக்கத்து வீட்டுக்குள் போனது.

அது அருஞ்சுனையின் வீடு. ஒண்டியாள், காது மந்தம், எதையும் மறக்கிற மனிதர். மெயினை இறக்க மறந்திருப்பார். திறந்த கதவுக்குள் கும்மிருட்டு. அந்த இருட்டின் நடுவில் டிவியின் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

ஐயாத்துரைக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அருஞ்சுனையிடம் ஜென்செட் கிடையாது. பீஸ் கட்டைகள் மூன்றும் தன் பையில் கிடக்கின்றன. பிறகு அந்தப் பொட்டு எதில் எரிகிறது? அப்புறம் விளங்கியது. ஆடியில் அந்த ஊரில் மணிக்கட்டை இழுத்தது நரம்பு இல்லை, அங்கேயும் எவன் வீட்டு ஜென்செட்டோதான். இங்கே கோகிலாம்பாள் வீட்டு ஜென்செட்டின் கரண்டு அந்த வீட்டோடு நிற்காமல் தெருக்கம்பிக்கு ஏறி, பக்கத்து வீட்டுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. தலைக்கு மேலே தொங்குகிற கம்பி உயிரோடு இருக்கிறது.

திரும்பினார். சப்பரம் பதினைந்து அடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. ஜெயக்குமார் கம்பியைப் பார்த்துவிட்டு, ஈரக்கையை உயர்த்தித் தயாராக நின்றான்.

“நிறுத்துங்க” என்று கத்தினார். உறுமிச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கைகளை ஆட்டினார். ஐயாத்துரைக்கும் அருள் வந்துவிட்டது என்று நினைத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். சப்பரத்துக்கு இன்னும் பத்து அடி.

முப்பத்தைந்து வருடமாகச் செய்யாத ஒரு காரியத்தை அப்போது அவர் செய்தார். தோளிலிருந்து பையைக் கழற்றினார். கம்பை இறக்கிக் கவையில் பையை மாட்டி, ஜெயக்குமாரின் கண்ணுக்கு நேராக, கம்பியில் படாமல் சாய்த்துத் தூக்கிப் பிடித்தார்.

தோளில் பை இல்லை என்றால் கம்பியில் கரண்டு இருக்கிறது. அந்தத் தெருவில் நடை பழகிய குழந்தைக்குக்கூட அது தெரியும். வடம் பிடித்தவர்கள் “பை எறங்கிருச்சு, பை எறங்கிருச்சு” என்று வடத்தைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளினார்கள். சப்பரம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ஜெயக்குமார் சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டு பலகையில் குப்புற விழுந்தான். அவன் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. மாவிளக்குத் தட்டோடு வந்த மாரீஸ்வரி தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

நாட்டாமை காளீஸ்வரன் கோபமாக வந்தார். “என்னய்யா இது, ஆத்தாள நடுத்தெருவுல நிப்பாட்டிட்டீரு? பீஸுதான் ஒம்மகிட்ட இருக்கே?”

ஐயாத்துரை அருஞ்சுனை வீட்டுக்குள் விரலை நீட்டினார். மேளம் ஒவ்வொன்றாக அடங்கியது. அடங்கிய பிறகுதான் கோகிலாம்பாள் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து ஜென்செட்டின் டுகுடுகு சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. யாரோ கொல்லைக்கு ஓடினார்கள். ஜென்செட் நின்றது. கோகிலாம்பாள் வீட்டுச் சீரியல் லைட் அணைந்தது. அருஞ்சுனை வீட்டுச் சிவப்புப் பொட்டும் அதே நொடியில் அணைந்தது. தெருவே அதைப் பார்த்தது.

கோகிலாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “ஜென்செட்டு ஒயர பிளக்குல சொருகுனோம். எல்லாரும் மெயின எறக்குனாக. எங்க வீட்லதான் கரண்டு இருக்கே, நாங்க எதுக்கு எறக்கணும்னு விட்டுட்டோம். ஆத்தா வாசலுக்கு வாரப்ப வீடு இருட்டாக் கெடக்கக் கூடாதுன்னு, சப்பரம் திருப்பத்துக்கு வந்த பெறகுதான் அண்ணே ஓட விட்டோம்.”

பாவம், அவள் பொய் சொல்லவில்லை. ஐயாத்துரைக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட உடம்பில் இடம் இல்லை. முழுக்கப் பயம்தான் இருந்தது.

இனி சாமியை நகர்த்த வேண்டும். காளீஸ்வரன் சுற்றிலும் பார்த்தார். நேற்றுவரை அந்தக் கம்பியைத் துணிக்கொடியாக நினைத்தவர்கள் இப்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கரண்டு செத்துவிட்டது என்று தெரிந்தும் ஒருவன் கம்பைத் தொட வரவில்லை. ஐயாத்துரை வீடு வீடாகப் போய் மெயின் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். பையைத் தோளில் மாட்டினார். கம்பைத் தூக்கினார். கை நடுங்கிய நடுக்கத்தில் கவை கம்பியில் பட்டு டகடகவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தின் அடியில் சப்பரம் மெல்லப் போனது. உச்சியில் ஜெயக்குமார் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான்.

கோயிலில் சாமி இறங்கியதும் பையும் இறங்கியது. பாலவனத்தம் பக்கத்திலிருந்து போன் வந்தது. வருகிற வாரம் அங்கே பொங்கல். “எத்தன வீட்ல ஜென்செட்டு இருக்கு?” என்று கேட்டார். எதிர்முனைக்குத் தெரியவில்லை. “அப்ப ரெண்டு நாளைக்கு முன்னாடியே வாரேன். கொல்லை கொல்லையாப் பாக்கணும்” என்று வைத்துவிட்டார்.

வீட்டில் குருவம்மாள் எல்லோருக்கும் இலை போட்டாள். ஜெயக்குமார் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. ஐயாத்துரை தன் இலையை மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன, ஓர் உருண்டை பிடித்தன.

“என்ன மாமா, சாப்பிடாமப் பாக்குறீக?”

“ஒண்ணுமில்ல மாப்ளே” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கங்க. நல்லாப் பெசஞ்சு சாப்பிடுங்க.”