மூன்று நான்குகள்

இந்தக் கார் என் வாசலுக்கு வருமுன், ஜார்ஜ் டவுனில் என்னைப் பற்றி எவரும் தாழ்வாக ஒரு சொல் சொன்னதில்லை என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் இங்கே ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் கற்பித்தேன். பழைய மாணவரின் இல்லத் திருமணங்களில் முதல் வரிசை நாற்காலி ஒன்று எனக்காகக் காத்திருக்கும். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியவர்கள் இந்த மலாய்த் தீவில் பலர் உண்டு. அப்படிப்பட்ட என்னை, சென்ற ஆண்டு முதல், மக்கள் பின்பக்கமிருந்து பார்க்கத் தொடங்கினார்கள். போக்குவரத்து விளக்கின் சிவப்பில் நான் நிற்கும்போது, மோட்டார் சைக்கிளில் வந்தவர் என் காரின் எண் தகட்டை வாசிப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். பிறகு இரண்டடி தள்ளிப் போய் நிற்பார். அடுத்த வீட்டுச் சீன மூதாட்டி, என் கார் நிற்கும் பக்கத்து வேலியோரம் இருந்த தம் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக மறுபுறம் நகர்த்திவிட்டார்.

ஊரிலுள்ள வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். சீனருக்கு நான்கு சாவின் எண். இங்குள்ள பல அடுக்குமாடிகளின் மின்தூக்கியில் மூன்றுக்கு அடுத்து நான்கு இருக்காது. என் எண் தகட்டிலோ நான்கு இலக்கங்களில் மூன்று நான்குகள். நம் ஊரில் புதுவண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோமே, அதையும் நான் செய்ததில்லை. எண்ணுக்கு நல்லது கெட்டது தெரியாது என்று வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் சொன்னவன் நான்.

கூரை திறக்கும் காரை நான் வாங்கியது ஏன் என்பதையும் எவரும் என்னிடம் கேட்கவில்லை. தாமே முடிவு செய்துகொண்டார்கள். என் மனைவி விசாலாட்சிக்கு மூடிய இடங்கள் ஆகாது. நாகப்பட்டினத்திலிருந்து நாங்கள் கப்பலில் வந்தபோது, கீழ்த்தள அறைக்கு ஒரு நாள்கூட அவள் இறங்கவில்லை. பயணம் முழுவதும் மேல்தளத்தில் ஒரு பாயில் படுத்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கப்பல் போக்குவரத்தே நின்றுபோன பின், விமானத்தில் ஏற அவளால் இயலவில்லை. அவள் தங்கை இறந்தபோதும் நான் மட்டுமே போய்வந்தேன். வயது ஏற ஏற, சாதாரணக் காரின் கதவைச் சாத்தினாலே மூச்சு முட்டத் தொடங்கியது. வாரம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஜார்ஜ் டவுனின் ஒடுங்கிய தெருக்களுக்கு ஏற்றதாக, ஓய்வூதியத்துக்குக் கட்டுப்பட்டதாக, மேலே வானம் தெரிகிற ஒரு சின்ன வண்டி எனக்கு வேண்டியிருந்தது.

அது, பாலம் கடந்து பெருநிலத்திலிருக்கும் சிம்பாங் அம்பாட்டில், பழைய கார்கள் விற்கும் ஒரு தமிழரின் கடையில் கிடைத்தது. இரண்டு கதவுகள், கறுப்புத் துணிக்கூரை, பொத்தானை அழுத்தினால் தானாக மடியும். விலை சந்தேகப்படும்படி குறைவு. என் சந்தேகத்தை, நான் வாய்திறக்குமுன்பே கடைக்காரர் தீர்த்துவைத்தார்.

“நம்பரப் பாத்தீங்களா சார்? மூணு நாலு. சீனவங்க கிட்டயே வரமாட்டாங்க லா. அதான் இந்த வெலைக்கு நிக்குது. சார் படிச்சவரு, இதெல்லாம் நம்பமாட்டீங்க.”

நம்பமாட்டேன் என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

என் பழைய வண்டியைப் பல்லாண்டு பழுது பார்த்த காதர் என்னுடன் வந்திருந்தார். அவர் எண்ணைப் பார்க்கவேயில்லை. குனிந்து தரைவிரிப்பை முகர்ந்தார். பிறகு இருக்கைப் பட்டையைப் பிடித்துக் கடைசி முழம்வரை வெளியே இழுத்து, விரித்து, என் முன்னால் நீட்டினார்.

“சார், இந்தக் காடி வேணாம். நல்லதில்ல. இங்க பாருங்க…”

“காதர், நாலு என்ற எண்ணுக்குப் பயப்பட நான் பிறக்கவில்லை.”

அவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் சிரித்தார். காதர் பட்டையை விட்டுவிட்டார். அது சுருண்டு உள்ளே போனது. “சரி சார். நீங்க படிச்சவங்க,” என்றார்.

முதல் சில மாதங்கள் விசாலாட்சி இருபது வயது குறைந்தவள் போலிருந்தாள். மாலைகளில் கர்னி டிரைவ் கடலோரமாக மெதுவாக ஓட்டுவேன். “என்னங்க, நம்ம ஊரு எந்தப் பக்கம்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள், ஒவ்வொரு முறையும் வடமேற்கே கைகாட்டுவேன். வெயிலில் கார் காய்ந்தால் உள்ளே ஒரு வாடை எழும். “ஆத்துல புதுத்தண்ணி வந்தா வருமே, அந்த வாசனை,” என்று அவள் ஆழ மூச்சிழுப்பாள். பிறகு ஒரு நாள் பட்டப்பகலில் முகப்பு விளக்குகள் தாமே எரிந்தன. இன்னொரு நாள், யாரும் தொடாமல் கண்ணாடி பாதி இறங்கி நின்றது. இவற்றைக் கேள்வியுற்ற நண்பர்கள் எண்ணை மாற்றச் சொன்னார்கள். நான் மறுத்தேன்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒரு நண்பகலில், தாத்தோ கிராமாட் சாலைச் சந்திப்பில் எஞ்சின் நின்றது. பின்னால் ஏதோ முனகியது. நான் பொத்தானைத் தொடவில்லை. ஆனால் கூரை எழுந்தது, எங்கள் தலைக்கு மேல் வந்தது, முன்கண்ணாடியில் போய்ப் பூட்டிக்கொண்டது. கண்ணாடிகள் மேலேறின. கதவுகள் திறக்கவில்லை. விசாலாட்சி முதலில் என் பெயரைச் சொன்னாள். நாற்பத்தேழு ஆண்டுகளில் அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு அவள் நகங்களால் துணியைப் பிறாண்டினாள். பிறகு அவளிடமிருந்து சத்தமே இல்லை.

எதிரிலிருந்த நாசி கண்டார் சோற்றுக்கடையிலிருந்து சமையற்காரர் ஒருவர் கறிவெட்டும் கத்தியோடு ஓடிவந்தார். “அம்மா, தலைய குனிஞ்சுக்கோங்க! குனிங்கம்மா! சாரே, அவங்கள அமுக்கிப் புடிங்க!” கத்தியின் முனை துணியைத் துளைத்து உள்ளே வந்தது. நான் அவள் தலையை என் மடியில் அழுத்திக்கொண்டேன். கூரை கிழிந்தது. முன்பின் அறியாதவர்கள் எங்கள் இருவரையும் அந்தக் கிழிசல் வழியே தூக்கி எடுத்தார்கள்.

நடைபாதையில் அவளுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு மலாய்க்காரர் “நொம்போர் பெராப்பா?” என்று கேட்டார். உதவிக்கு அழைக்க எண் கேட்கிறார் என்று எண்ணி என் தொலைபேசி எண்ணைச் சொல்லத் தொடங்கினேன். அவர் சங்கடத்துடன் காரைச் சுட்டினார். விபத்துக்குள்ளான வண்டியின் எண்ணை நாலு நம்பர் லாட்டரியில் கட்டுவது இங்கே வழக்கம். அதில் இனபேதம் கிடையாது.

மறுநாள் காதர் வீட்டுக்கு வந்தார். “அன்னிக்கே சொல்ல வந்தேன் சார்,” என்று மட்டும் சொன்னார். அவர் போனபின் நான் இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்தேன். வழக்கமாகக் கண்ணில் படாத அந்த முழத்தில், காய்ந்த சேற்றின் பழுப்புக் கோடு நேராக ஓடியிருந்தது. இருக்கையில் அமர்ந்தால் என் மார்பின் உயரம்.

விசாலாட்சி இப்போது எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. மருத்துவர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். மடக்கும்போது கிழிந்த கூரை பாதியில் சிக்கிக்கொண்ட நிலையில் கார் வாசலில் நிற்கிறது. அது மூடவுமில்லை, திறக்கவுமில்லை. சில மாலைகளில் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பாள். எந்தப் பக்கம் என்று இப்போது கேட்பதில்லை. கேட்காமலே நான் வடமேற்கைப் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்று நான்குகள் எங்களைப் பழிவாங்கிவிட்டன என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையன்று. அந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கி, மின்கம்பிகளில் சேறு ஏறிய பின் எடுக்கப்பட்டது. வாங்குமுன்பே காதர் அதை எனக்குக் காட்டினார். நான் பார்க்கவில்லை.